உன் படையல் இலையில் இருவர்

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். என் மருமகளாக வந்த உன் மகள் என்னைப் பட்டினி போடவில்லை. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் கிளம்பிய அந்தப் பேச்சு, திருப்போரூர் கல்யாண மண்டபம் வரை நடந்து, நெம்மேலியில் உன் அண்ணன் வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. நம் வீட்டுச் சேதிகள் போனவர்களுக்கும் எட்டும் என்பார்கள். உனக்கு எட்டியிருந்தால், அது பொய். வசந்தி வேளை தவறாமல் எனக்கு உணவு தருகிறாள். ஒவ்வொரு வேளையும் நாலைந்து கரண்டிக்கு மேல் இறங்காதது என் வயிற்றின் கணக்கு. அதற்கு அவள் பொறுப்பல்ல.

இன்று காலை சமையலறையிலிருந்து சுறா வேகும் வாடை வந்தது. மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, வெங்காயம் பூண்டோடு வதக்கினால் புட்டு. அந்த வாடைக்கு எனக்கு உன் முகம்தான். என் மகன் பிறந்திருந்தபோது மாமல்லபுரத்தில் நீ வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில், மடியில் தூக்குப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். வாடை தாங்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்களாம். சீட்டு முழுவதும் உனக்கே கிடைத்ததாம். அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "புள்ள பெத்தவளுக்குச் சுறாப்புட்டு. மூஞ்ச சுளிக்காம தின்னு, மதர் சுப்பீரியர்" என்றாய். கான்வென்ட் விடுதியில் நீ எனக்கு வைத்த பெயர் அது. நான் சிரஸ்தாராகி, நீதிமன்ற அலுவலகமே என்னைக் கண்டு எழுந்து நின்ற காலத்திலும் நீ அந்தப் பெயரை விடவில்லை.

இப்போது அதே புட்டு, பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பதைப் போல ஒரு சின்னக் கிண்ணத்தில் எனக்கு வருகிறது. பெரிய தட்டு வேண்டாம், பார்வைக்கே அலுப்புத் தட்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வசந்தி பரண் மேலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துத் துலக்கினாள். அடியில் உன் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கிறது. என் மகனுக்கு முதல் சோறு ஊட்ட நீ வாங்கித் தந்தது. அறுபத்தேழு வயதில் நான் அதில் சாப்பிடுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் உனக்கே கோபம் வரும். "மதர் சுப்பீரியரே தப்பு பண்ணா நாங்க எங்க போறது" என்பாய்.

நம் இருவரின் உடம்பையும் ஊர் அறியும். ஒரு கண்டக்டர் நம்மைப் பார்த்து, "ரெண்டு பேருக்கு மூணு டிக்கெட் போடணும் போலக்கீதே" என்றான். நீ சிரிக்காமல், "போடு நைனா. அப்பிடியே மூணாவது சீட்டயும் காலி பண்ணிக் குடு" என்றாய். பஸ் முழுவதும் சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு உடம்பு ஒரு வேடிக்கை. எனக்கு அது, எவ்வளவு திருத்தமாகப் புடவை கட்டினாலும் திருத்த முடியாத ஒன்று. பிறகு நீ உன் வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. எனக்கு முட்டி போயிற்று, சர்க்கரை ஏறிற்று, படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. மூட்டு மருத்துவர், "இந்த எடையில நான் கத்திய வைக்க மாட்டேம்மா, முதல்ல எடைய இறக்கிட்டு வாங்க" என்றார். எடை இறங்குவதாக இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மருத்துவமனையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்தார்கள். கையெழுத்துப் போட்டது நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அழகுக்காகவும் இல்லை.

ஆனால் அழகுக்காக என்றுதான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தாலி இறங்கிய பிறகு இந்த வயதில் யாருக்குக் காட்ட என்று கேட்பார்கள். அதனால் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே மகனிடமும் வசந்தியிடமும் சொன்னேன்: இது வீட்டுக்குள் இருக்க வேண்டும், ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. மகன் தலையாட்டினான். வசந்தி, "எங்க மாமா வூட்லயுமா அத்தை?" என்று கேட்டாள். அங்கேதான் முக்கியமாக, என்றேன்.

சாப்பாடு இப்போது ஒரு வேலை. ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முழுநேர வேலை. முதலில் பருப்புத் தண்ணீர், மோர், அவர்கள் கொடுத்த ஒரு மாவைக் கரைத்த பால். அதைக் கரண்டியால் நக்க வேண்டும், குடிக்கக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் அரைத்துக் கூழாக்கித் தந்தார்கள். பிறகு மசித்தது. மெல்ல வேண்டும், மெல்ல வேண்டும், வாயில் ஒன்றும் இல்லை என்று தோன்றும் வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. தாகம் எடுத்தாலும் காத்திருக்க வேண்டும். ஒரு பருக்கை அவசரப்பட்டால் நெஞ்சுக் குழியில் கல் போல உட்கார்ந்துகொள்ளும். வாயில் நுரையாக எச்சில் ஊறும். கண்ணில் நீர் வரும். அங்கே உணவு சொல்லித் தரும் பெண், "ஆன்ட்டி, உங்க வயிறு இப்ப கைக்குழந்தை. அத மிரட்டாதீங்க" என்றாள். நான் யாருக்கும் ஆன்ட்டி அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். இப்போது பலவற்றை அப்படித்தான் விட்டுவிடுகிறேன்.

தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. வளையல் கையை விட்டு உருண்டது. சர்க்கரை இறங்கியது, மூச்சு சீரானது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பசி போய்விட்டது. அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. என் கணவர் போன வீட்டில், காரியம் முடியும் முன்பே எனக்குப் பசித்தது. வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். நீ உப்புமாத் தட்டோடு வந்து கதவைச் சாத்தினாய். அன்று உனக்கு சஷ்டி விரதம். நீ ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தாய். "பசிக்கிறவ சாப்புடட்டும், பசிக்காதவ பக்கத்துல குந்தட்டும். இதுல இன்னா வெக்கம்" என்றாய். அந்தப் பசி இப்போது இல்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

விடுதிச் சாப்பாட்டறையை நினைத்துக்கொள்கிறேன். வாசலில் சிஸ்டர் நிற்பார். ஒவ்வொருத்தியும் தட்டைச் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் கழுவப் போக வேண்டும். "முடியாததை வாங்காதே, வாங்கியதை வைக்காதே" என்பது அவருடைய ஒரே பிரசங்கம். எனக்கு அந்தக் கோதுமைக் கஞ்சி இறங்காது. நீ உன் தட்டைக் காலி செய்துவிட்டு, மேசைக்குக் கீழே என் தட்டை வாங்கி, உன் காலித் தட்டை என்னிடம் தள்ளுவாய். சிஸ்டருக்கு முன்னால் நான் மிச்சம் வைக்காத உத்தமியாக நின்றேன். அந்தப் பாடம் மட்டும் எனக்குள் இறங்கிவிட்டது. பந்தியில் என் இலையில் ஒரு பருக்கை இருந்து யாரும் பார்த்ததில்லை.

திருப்போரூரில் உன் அண்ணன் பேத்தி கல்யாணம். அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. போகாமல் இருந்திருக்கலாம், வசந்தியும் அதைத்தான் சொன்னாள். போகவில்லை என்றால் பேச்சு இன்னும் வளரும் என்று நான் கிளம்பினேன். முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலை முழுவதும் விழுந்துவிட்டது. கேசரி, வடை, கூட்டு, பொரியல், சோறு, அதன் மேல் சாம்பார். வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் பரிமாறுகிறவர்கள் அடுத்த இலைக்குப் போய்விட்டார்கள்.

உன் அண்ணி எதிரில் வந்து நின்றாள். இடுப்பில் கை.

"இன்னா சம்மந்திம்மா, கோயி கொத்தற மாரி கொத்திகினு கீறீங்க? எங்கூட்டு சோறு எறங்கலயா, இல்ல சாப்புட்டே பழக்கம் போயிடுச்சா?"

பக்கத்து இலையில் ஒரு பெண் சிரித்தாள். உன் அண்ணி வசந்தியைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். வசந்தி என் காதருகே குனிந்து, "வச்சிடுங்க அத்தை, பரவால்ல" என்றாள். நான் வைக்கவில்லை. என் இலையைக் காட்டி உன் மகளை ஒருத்தி பேசுவதா என்று எண்ணினேன். அந்த இலையைக் காலி செய்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று எண்ணினேன். சாப்பிட்டேன். கேசரியையும் சாப்பிட்டேன். கடைசிப் பருக்கையையும் வழித்து, இலையை என் பக்கமாக மடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கை கழுவும் இடம் வரை போக முடிந்தது. உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடப்பு. பிறகு எல்லார் முன்னாலும், குழாயடியில், எல்லாம் வெளியே வந்தது. சிரஸ்தாரம்மா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். வசந்தி தன் பட்டுப்புடவை முந்தானையால் என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உன் அண்ணியின் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது. "வேளாவேளைக்கு சோறு போட்டிருந்தா ஒரு நாள் சாப்பாடு ஒத்துக்காம பூடுமா? எலும்பும் தோலுமா இட்டுகினு வந்து நிக்கிற. ஊருக்கே ஆக்கிப் போட்ட மகராசி வயித்துல பொறந்துட்டு, மாமியார காயப் போட்டுக்கினு கீறியேடி. உங்கம்மா இருந்திருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பா."

வசந்தி என் வாயைத் துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரே வார்த்தை போதும், ஆபரேஷன் என்று. சொல்லவில்லை. எனக்குத் தொண்டை எரிந்தது. பேச வாய் திறந்தால் மறுபடியும் குமட்டியது.

திரும்பும் வழியில், செங்கல்பட்டுச் சாலையில் காட்டுப் பகுதி தாண்டும்போது அவள் காரை ஓரம் கட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"உங்க விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அத்தை. சொல்லக் கூடாதுன்னீங்க, சொல்லல. ஆனா அம்மா தெவசத்துக்கு நான் வரல. நீங்க போயிட்டு வாங்க. அந்த போட்டோ முன்னாடி என்னால அந்தப் பேச்ச வாங்கிக்க முடியாது."

அழவில்லை. உன் மகள் அழுகிறவள் அல்ல. வண்டியை எடுத்தாள்.

அதன் பிறகு அவள் எனக்குச் செய்யும் எதிலும் குறை இல்லை. கிண்ணம் வரும், மாத்திரை வரும், கொளவாய் ஏரிப் பக்கம் நடக்கக் கூட்டிப் போவாள். ஆனால் நான் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, அலுவலகக் கதை பேசிக்கொண்டே சாப்பிடுவாள். நான் மெல்லும் நேரம் அதில் கழிந்துவிடும். இப்போது கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். தனியாக மெல்லுவது எவ்வளவு நீளமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

உன் தெவசம் வந்தது. உனக்கு மகன் இல்லாததால் அண்ணன் வீட்டில்தான் படைக்கிறார்கள். உன் படத்துக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை போட்டு, உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, கற்பூரம் காட்டி, நீ சாப்பிடக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்துவார்கள். பிறகு காக்கைக்கு வைத்துவிட்டு, அந்தப் படையல் இலையில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. வைத்தால் போனவருக்கு வயிறு நிறையவில்லை என்று அர்த்தம். முதல் வருடமே உன் அண்ணன், "அது சம்மந்திம்மா எல" என்று சொல்லிவிட்டார். விடுதியில் நீ என் தட்டைச் சாப்பிட்டாய். உன் இலையை நான் சாப்பிட்டு வந்தேன். அதில் எனக்கு ஒரு நியாயம் தெரிந்தது.

அன்று காலை வசந்தியிடம், "வண்டிய எடு" என்றேன்.

"டிரைவர வரச் சொல்லியிருக்கேன் அத்தை."

"அவர் வேண்டாம். எனக்கு சாட்சி வேணும். நீ வா."

புரியாமல்தான் வந்தாள். நெம்மேலியில் வீட்டு வாசலில் இறங்க மாட்டேன் என்றாள். நான் கையை நீட்டினேன். பிடித்து இறக்கிவிடத்தான் என்று நினைத்து வந்தவள் கையை நான் விடவில்லை. உள்ளே உன் இலை போட்டிருந்தது. சுறாப்புட்டு, கருவாட்டுக் குழம்பு, வடை, பாயசம், ஓரத்தில் வெற்றிலை. படத்தில் நீ கண்டக்டரைப் பார்த்தது போலவே பார்த்துக்கொண்டிருந்தாய். கதவைச் சாத்தித் திறந்தாயிற்று. உன் அண்ணன், "உக்காருங்க சம்மந்திம்மா" என்றார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். நீதிமன்றத்தில் ஆணையைப் படிப்பது போலத்தான் என் குரல் வந்தது; வேறு குரல் எனக்கு இல்லை. "எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. உடம்பக் குறைக்க, நானா கேட்டுப் பண்ணிக்கிட்டேன். இரைப்பைய வெட்டி எடுத்துட்டாங்க. இனிமே நான் இவ்ளோதான் சாப்பிட முடியும். வெளிய சொல்லக் கூடாதுன்னு வசந்தி கிட்ட நான்தான் சொன்னேன். கல்யாணத்துல நீங்க பேசினத எல்லாம் அவ எனக்காக வாங்கிக்கிட்டா. அவ எனக்குச் சோறு போடறா. நல்லாப் போடறா."

உன் அண்ணிதான் முதலில் வாய் திறந்தாள்.

"இன்னாது, வயித்த வெட்டிகினியா? வெட்டி எடுத்தத இன்னா பண்ணாங்க?"

"நான் கேக்கல."

"கேக்க மாட்டியா? அத்தினி வருசம் சோறு போட்டு வளத்தது." பிறகு இலையைப் பார்த்தாள். "அப்ப இந்த எல?"

அதற்கு நான் பதில் யோசித்து வைத்திருந்தேன் என்று சொல்ல ஆசை. இல்லை. வசந்தி உன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தில் வந்தது அது. "வசந்தி, உக்காரு" என்றேன். அவள் பக்கத்தில் இன்னொரு இலை தேடினாள். "இதுலதான்" என்றேன்.

எனக்கு நாற்காலி போட்டு, இலையை ஸ்டூல் மேல் வைத்தார்கள். அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "புருசன் பொண்டாட்டிதான் ஒரே எலயில சாப்புடும்" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், நிறுத்திவிட்டார்கள். அந்தப் பார்வை மட்டும் இளைக்கவில்லை.

நான் புட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து மெல்லத் தொடங்கினேன். உன் மகள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். காலையிலிருந்து பட்டினி என்று அவள் பிசைந்த வேகத்தில் தெரிந்தது. நான் நாலு வாய் சாப்பிட்டேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வடை போயிற்று, பாயசம் போயிற்று, சோறு போயிற்று. உன் அண்ணி கரண்டியோடு வந்து, ஒரு மீன் துண்டை வசந்தியின் பக்கம் வைத்தாள்.

"தின்னுடி. இவங்கள கவனிச்சி கவனிச்சி நீதான் எளச்சிட்ட."

மன்னிப்பு என்று அவள் குடும்பத்தில் இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. வசந்தி அதையும் சாப்பிட்டாள். இலையில் மிச்சம் இல்லை. சிஸ்டர் வாசலில் நின்றிருந்தாலும் சாய்த்துக் காட்டியிருக்கலாம்.

இப்போது வசந்தி தன் தட்டோடு வந்து மறுபடி எதிரில் உட்காருகிறாள். எனக்கு இன்னும் பசி வரவில்லை. இனி வருமா என்று மருத்துவரைக் கேட்கவும் அலுப்பாக இருக்கிறது. அவளுக்குப் பசிக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு மெல்லுகிறேன். பசிக்காதவள் பக்கத்தில் உட்காரலாம் என்று நீ எனக்கு விட்டுப்போனது ஒன்றுதான் இந்த வயிற்றில் தங்குகிறது. முட்டி அறுவைக்கு இனி தேதி கொடுப்பார்கள். அதை ஊருக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மறைக்கிற வேலைக்கு இப்போது உடம்பில் தெம்பு இல்லை.

ஒரு விஷயம் மட்டும் தீராமல் நிற்கிறது. இன்றைய புட்டில் வசந்தி சோம்பு போடவில்லை. அம்மா போட்டதே இல்லை என்கிறாள். உன் அண்ணி, போட்டாய் என்கிறாள். நீ கொண்டுவந்த தூக்குப் பாத்திரத்தைத் திறந்ததும் சோம்பு மணத்தது என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு என் மூக்கும் நாக்கும் மாறிவிட்டன. காப்பியே எனக்கு வேறு ஏதோ போல இருக்கிறது. ஆகவே என் சாட்சியம் செல்லாது. கனவில் வந்து சொல்வது, காக்கையாக வந்து தலையாட்டுவது எதையும் நான் ஏற்க மாட்டேன்.

சுறாப்புட்டில் சோம்பு போடுவாயா, மாட்டாயா? எழுத்தில் பதில் அனுப்பு.